கேட்டதும் கேட்காததும்: எல்கரின் அரை மணி நேரம்

போன இதழில் வேறு எதற்கோ பதில் சொல்லப்போய், எட்வர்ட் எல்கர் என்கிற ஆங்கில இசையமைப்பாளரின் 'எனிக்மா வேரியேஷன்ஸ்' என்கிற, வயலின், குழல், முரசு என்று பல வாத்தியங்கள் சேர்ந்து வாசிக்கிற ஆர்க்கெஸ்ட்ரா இசையைப் பற்றி நாலு வரி எழுதிவிட்டேன். ஒரே மெட்டைப் பதினாலு விதமாக மாற்றி எழுதிய அரை மணி நேர இசை, முடிந்தால் கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான் சொன்னது. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. நம் பக்கம் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் மாரியம்மன் பண்டிகையில் மேடை போட்டு சினிமாப் பாட்டு பாடுவதுதானே. ஆகவே இந்தத் தடவை முழுக்க இதற்கே. ஸ்பீக்கர் வயர், ஆம்ப்ளிஃபயர் இரைச்சல் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குப் போகின்றன, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சார், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுப் போனில் தேடிப் பிடித்துக் கேட்டேன். ஒரே மெட்டு என்றீர்கள். எனக்கு அது பதினாலு தனித்தனிப் பாட்டு மாதிரிதான் இருந்தது. ஒன்பதாவது மட்டும் உருக்கமாக இருந்தது. மற்றதெல்லாம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. என் காதில் கோளாறா?
— கல்லூரி மாணவர், பாலக்கோடு

காதில் ஒன்றுமில்லை தம்பி. மெட்டு மனசில் பதிவதற்கு முன்னாலேயே அதன் மாற்றங்களைத் தேடப் போய்விட்டீர்கள், அவ்வளவுதான். ஒருவரின் முகமே சரியாகத் தெரியாதபோது அவர் மாறுவேடம் போட்டுக்கொண்டு வந்தால் எப்படி அடையாளம் தெரியும்?

நான் சொல்கிறபடி செய்யுங்கள். முதல் ஒன்றரை நிமிடம்தான் மூல மெட்டு. ஒரு வாரத்துக்கு அதை மட்டும் கேளுங்கள். அது முடிந்ததும் நிறுத்திவிடுங்கள், மேலே போகவே போகாதீர்கள். கையால் நாலு நாலாகத் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் ஒரு விஷயம் பிடிபடும்: ஆரம்பத்தில் ஒவ்வொரு நாலிலும் முதல் தட்டு வெறும் தட்டு, வயலின்கள் அதை விட்டுவிட்டு இரண்டாவது தட்டில்தான் எடுக்கின்றன. வாயால் சொன்னால் இப்படி வரும்: (தட்டு) தக தா தா, (தட்டு) தா தா தக. முதலில் குட்டி குட்டி நெடில் நெடில், அடுத்ததில் அதையே திருப்பிப் போட்டு நெடில் நெடில் குட்டி குட்டி. இதுவே மாறி மாறி வரும். ஒவ்வொரு தடவையும் அந்த முதல் தட்டில் மூச்சை நிறுத்திவிட்டுப் பேசுகிற மாதிரி, எதையோ சொல்ல வந்து தயங்குகிற மாதிரி இருக்கும். பல் தேய்க்கும்போது உங்களை அறியாமல் வாயில் அது வந்துவிட்டதென்றால், சரி, இப்போது மேலே போகலாம்.

அடுத்து தெரிந்துகொள்ள வேண்டியது, அந்தப் பதினாலும் பதினாலு ஆட்கள். 1898 அக்டோபரில் ஒரு நாள், ஊரூராகப் போய் வயலின் பாடம் சொல்லிக்கொடுத்து அலுத்துப்போய் வீட்டுக்கு வந்த எல்கர் பியானோ முன்னால் உட்கார்ந்து சும்மா எதையோ வாசித்துக்கொண்டிருக்க, அவருடைய மனைவி ஆலிஸ் "இது என்ன, நன்றாயிருக்கிறதே" என்று கேட்டிருக்கிறார். ஒன்றுமில்லை, ஆனால் இதிலிருந்து ஏதாவது செய்யலாம் என்று சொல்லிவிட்டு, நம் நண்பர்களில் இன்னார் என்றால் இதை எப்படி வாசிப்பார், அன்னார் என்றால் எப்படி என்று விளையாட்டாக மாற்றி மாற்றி வாசித்துக் காட்டியிருக்கிறார். அந்த விளையாட்டுத்தான் 1899 ஜூன் 19 அன்று லண்டனில் ஹான்ஸ் ரிக்டர் ஆர்க்கெஸ்ட்ராவை நடத்த அரங்கேறியது. எல்கருக்கு அப்போது வயது நாற்பத்திரண்டு. வூஸ்டரில் இசைக்கருவி கடை வைத்திருந்த, பியானோ ஸ்ருதி சேர்க்கிற ஒருவரின் மகன். கடைக்காரர் மகன் என்பதாலேயே எனக்கு அவர் மேல் ஒரு ஒட்டுதல், நானும் தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருபது வருஷம் கேசட் பதிவுக் கடை நடத்தியவன்தானே.

ஏறக்குறைய எல்லா வேரியேஷனுக்கும் தலைப்பு ஆளின் இனிஷியலோ பெயரோ செல்லப்பெயரோதான். முதலாவது மனைவி. எல்கர் வீட்டுக்குள் நுழையும்போது ஒரு சின்ன சீட்டி அடிப்பாராம், அந்தச் சீட்டி இதில் ஓபோ, பசூன் என்கிற குழல் வாத்தியங்களில் வருகிறது. நாலாவது ஒரு பண்ணையார். வீட்டுக்கு வந்த விருந்தாளிகளுக்கு யார் யார் எந்த வண்டியில் போக வேண்டும் என்று அதட்டிப் படித்துவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனவர். மொத்தமே அரை நிமிடம், கடைசியில் அந்தக் கதவும் கேட்கும். ஆறாவதில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது) கற்றுக்கொள்ள வந்த மாணவி, வில்லை ஒரு தந்தியிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டப் பழகும் பயிற்சியிலிருந்தே அவருக்கு மெட்டு கட்டிவிட்டார். ஏழாவது, பியானோ பழகப் பாடுபட்ட ஒரு கட்டடக்கலைஞர், டிம்பனி முரசுகள் தடதடவென்று உருளும்.

எனக்குப் பிடித்தது பதினொன்றாவது. தலைப்பில் இருப்பவர் ஹியர்ஃபோர்ட் தேவாலயத்து ஆர்கன் கலைஞர், ஆனால் இசையில் இருப்பது அவர் வளர்த்த டான் என்கிற புல்டாக். நாய் வை ஆற்றங்கரையில் சறுக்கி உள்ளே விழுகிறது, எதிர்நீச்சல் போட்டு ஏறுவதற்கு ஒரு இடம் தேடுகிறது, கரையேறியதும் ஒரு குரைப்பு. இவ்வளவும் முதல் சில வினாடிகளில் முடிந்துவிடும், கொட்டாவி விட்டால் தவறவிட்டுவிடுவீர்கள். தென்பெண்ணைக் கால்வாயில் விழுந்த நாயை நீங்கள் பார்த்திருந்தால் சரடு சரடாக ஓடி இறங்கும் அந்த வயலின் ஓட்டம் எதுவென்று யாரும் சொல்லாமலே தெரியும்.

உங்களை உருக்கிய ஒன்பதாவதுதான் 'நிம்ராட்'. நோவெல்லோ பதிப்பகத்தில் வேலை பார்த்த யேகர் என்கிற நண்பர். ஜெர்மன் மொழியில் யேகர் என்றால் வேட்டைக்காரர், பைபிளில் நிம்ரோது பெரிய வேட்டைக்காரன், அதனால் அந்தப் பெயர். எல்கர் சோர்ந்துபோய் எழுதுவதையே விட்டுவிடலாம் என்று இருந்தபோது தெம்பு சொன்னவர் இவர். இப்போது மறுபடி கேளுங்கள். தயங்கித் தயங்கிப் பேசிய அதே மெட்டுதான், நாலு தட்டு மூன்று தட்டாகி, நிதானமாகி, தயக்கம் போய் நீளமான ஒரே மூச்சாக வருகிறது. மூல மெட்டு மனப்பாடமாக இல்லாதவருக்கு இது அழகான ஒரு ராகம், மனப்பாடமானவருக்கோ திக்கித் திணறிக்கொண்டிருந்த ஆள் கடைசியில் வாயைத் திறந்து பேசிவிட்ட மாதிரி.

நாங்கள் ஒரு வரியை எடுத்தால் சங்கதி மேல் சங்கதி போட்டு வளர்க்கிறோம், நிரவலும் செய்கிறோம். நீங்கள் சொல்கிற வேரியேஷனில் அதைவிட என்ன இருக்கிறது?
— நாதஸ்வரக் கலைஞர், அரூர்

வித்வானுக்கு வணக்கம். அதைவிட மேல் என்று நான் சொல்லவே இல்லை, வேறு மாதிரி என்றுதான் சொல்கிறேன். தியாகராஜர் கிருதியில் சங்கதி என்றால் வரியும் அதே, ராகமும் அதே, தாளமும் அதே. முதல் சங்கதி எளிமையாக வரும், அடுத்தது அதன் தோளில் ஏறும், அதன் மேல் அடுத்தது. படிக்கட்டு. இங்கே அப்படி ஏறுவது கிடையாது. ஒவ்வொரு வேரியேஷனும் மறுபடி தரைக்கு வந்து வேறு பக்கமாகக் கிளம்புகிறது, தாளம் மாறும், வேகம் மாறும், ராகமே மாறும். மூல மெட்டு நம் கணக்கில் நடபைரவிச் சாயல், நடுவில் கொஞ்ச நேரம் சங்கராபரணம் எட்டிப் பார்க்கிறது. அப்புறம் இவர்களிடம் எல்லாம் எழுதி வைத்தது, மேடையில் மனோதர்மத்துக்கு இடமே இல்லை. நீங்கள் ஒரு ராத்திரி முழுக்கத் தோடி வாசிப்பீர்கள், இவர்கள் எழுதாத ஒரு ஸ்வரத்தைத் தொட மாட்டார்கள்.

ஆனால் ஒரு இடத்தை நீங்கள் அவசியம் கேட்க வேண்டும். எட்டாவது முடிகிறது. எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள், முதல் வயலின்கள் மட்டும் ஒரே ஒரு ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதுவரை அது ஸட்ஜம். அடியில் மற்ற தந்திகள் மெல்ல வந்து சேர்கின்றன, நிம்ராட் ஆரம்பித்துவிட்டது, இப்போது பிடித்துக்கொண்டிருந்த அதே ஸ்வரம் அசையாமல் கொள்ளாமல் அந்தர காந்தாரமாகிவிட்டது! கிரகபேதம்தானே இது? நீங்கள் ஆலாபனையில் அஞ்சாறு நிமிடம் வேலை செய்து காட்டுகிற வித்தையை இங்கே ஒரு மூச்சில் முடித்துவிடுகிறார். ஒத்து ஒரே இடத்தில் நிற்கிற நம் இசையில் ஸட்ஜமே நகர்ந்துவிடுவது என்பது விசேஷம், அவர்களுக்கு அது தினசரிச் சாப்பாடு. இருந்தாலும் இந்த ஒரு இடம் அவர்களிலும் அபூர்வம் என்பது என் கட்சி.

பம்பைக்காரர்கள் சாமி அழைக்கும்போது ஒரே அடியை விதவிதமாகத் திருப்புவார்களே, அதையும் இதோடு சேர்த்துப் பேச ஆசை. அது ஒரு முழு இதழுக்கு இழுக்கும், இன்னொரு நாள் பார்க்கலாம்.

எந்தப் பதிவைக் கேட்பது சார்? தேடினால் நூறு வருகிறது. ஒன்றில் நிம்ராட் மூன்று நிமிடம்கூட இல்லை, இன்னொன்றில் ஆறு நிமிடம். யாரோ ஒருவர் தப்பாக வாசிக்கிறாரா?
— தொழிற்சாலைப் பணியாளர், ஓசூர்

நல்ல கேள்வி, இதில்தான் ரெக்கார்டிங் கேட்பதன் ருசியே இருக்கிறது. மூன்று நிமிடத்துக்குள் முடிப்பவர் வேறு யாருமில்லை, எழுதின எல்கரேதான். 1926-இல் ராயல் ஆல்பர்ட் ஹால் ஆர்க்கெஸ்ட்ராவை வைத்து அவர் நடத்திய பதிவு இன்றும் கிடைக்கிறது. மைக் வைத்து மின்சாரத்தில் பதிவு செய்யும் முறை அப்போதுதான் வந்திருந்தது, எனவே எண்ணெய் கொதிக்கிற மாதிரி இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆறு நிமிடம் இழுப்பவர் லெனர்ட் பெர்ன்ஸ்டீன், 1982-இல் பிபிசி சிம்பனியோடு. எல்கர் அதை நண்பரோடு நடந்துகொண்டே பேசிய பேச்சாக வாசிக்கிறார், பெர்ன்ஸ்டீன் அந்த நண்பரின் சமாதிக்கு முன் நிற்கிற மாதிரி வாசிக்கிறார். தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் கேட்க முடியாது, சாப்பாட்டுக்குப் பாயசத்தையே ஊற்றிக்கொண்ட மாதிரி இருக்கும்.

முதல் தடவைக்கு நான் சொல்வது பியர் மோன்தூ 1958-இல் லண்டன் சிம்பனியை நடத்தியது. பிரெஞ்சுக்காரர், அப்போது எண்பதைத் தாண்டியவர், ஆனால் எங்கேயும் அசமந்தம் கிடையாது. நாய் நாயாக ஓடும், கதவு கதவாகச் சாத்தும். அதற்கப்புறம் ஏட்ரியன் போல்ட் 1970-இல் செய்தது, ஆரவாரமே இல்லாமல் எடை சரியாக நிறுத்துப் போடுகிற கடைக்காரர் மாதிரி. இரண்டு பதிவு போதும். ஒன்றை மாதக்கணக்கில் கேட்டுவிட்டு இரண்டாவதுக்குப் போங்கள், அப்போதுதான் "அட, இவர் இந்த இடத்தை இப்படியா எடுக்கிறார்" என்று தோன்றும். பத்தை ஒரே நாளில் கேட்டால் ஒன்றும் தோன்றாது.

ஒரு சொந்தக் கதை. எனக்கு இந்த இசை முதலில் கிடைத்தது ஒரு சினேகிதர் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த பிளேட்டிலிருந்து நானே எடுத்துக்கொண்ட கேசட்டில். அறுபது நிமிட கேசட், ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். இசையும் ஏறக்குறைய முப்பது. நான் பட்டனை அமுக்கிவிட்டு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டேன், கடைசி வேரியேஷன் நன்றாக உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது டேப் தீர்ந்து 'டக்'கென்று நின்றிருக்கிறது. ஊருக்கெல்லாம் கேசட் பதிந்து கொடுத்தவன் எனக்கு எடுத்ததைச் சரிபார்க்கவில்லை. எட்டு வருஷமோ என்னவோ, அதுதான் முடிவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பொசுக்கென்று நிறுத்துவதுகூட ஒரு ஸ்டைல் என்று யாரிடமோ விளக்கம் வேறு சொல்லியிருக்கிறேன்! அப்புறம் சிடி வந்து முழுதும் கேட்டபோதுதான் மானம் போனது. கடைசி வேரியேஷன் எல்கர் தன்னையே எழுதிக்கொண்டது, 'எடு' என்பது மனைவி அவரைக் கூப்பிடும் பெயர். மனைவியின் வேரியேஷனில் வந்த சீட்டியும் யேகரின் மெட்டும் அதில் திரும்ப வருகின்றன. இன்னொரு வேடிக்கை, அரங்கேற்றத்தில் அந்தக் கடைசிப் பகுதி இவ்வளவு நீளம் இல்லை. முடிவு சப்பென்று இருக்கிறது, நீட்டு என்று நச்சரித்தவர்களில் முக்கியமானவர் அந்த யேகரேதான். எல்கர் முதலில் முறுக்கிக்கொண்டு, பிறகு நூறு பார் (ஒரு தாளச் சுற்று ஒரு பார்) அளவுக்குச் சேர்த்து எழுதி 1899 செப்டம்பரில் வூஸ்டர் விழாவில் வாசிக்க வைத்தார். யேகர் சும்மா இருந்திருந்தால் என் கேசட்டே போதுமானதாக இருந்திருக்கும்.

தினமும் ஓசூர் வேலைக்கு ராயக்கோட்டை வழி பஸ்ஸில் போகிறேன். இயர்ஃபோனில் கேட்டால் பாதி நேரம் ஒன்றுமே கேட்பதில்லை, வால்யூம் ஏற்றினால் திடீரென்று காது கிழிகிறது. ஏன்?
— வாசகர், மாரண்டஅள்ளி

சினிமாப் பாட்டைப் பதியும்போதே மெல்லியதையும் உரத்ததையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்கு அழுத்திவிடுவார்கள், பஸ்ஸில்கூட எடுபடுவது அதனால்தான். ஆர்க்கெஸ்ட்ராப் பதிவில் அப்படி அழுத்த மாட்டார்கள். நிம்ராட் ஆரம்பம் கிசுகிசுப்பு, முடியப்போகும்போது முழுப்படையும் முழங்கும். பஸ் இன்ஜின் அந்தக் கிசுகிசுப்பை விழுங்கிவிடும். பதிமூன்றாவதில் இது இன்னும் மோசம், கடல் கடந்து போகிற யாரோ ஒருவருக்காக எழுதியது, தூரத்தில் கப்பல் இன்ஜின் அதிர்கிற மாதிரி டிம்பனியைக் குச்சியால் மிக மெல்ல உருட்டுவார்கள், அதன் மேல் கிளாரினெட்டில் மெண்டல்சன் எழுதிய ஒரு கடற்பயண இசையிலிருந்து ஒரு துண்டு மிதந்து வரும். உங்கள் பஸ்ஸின் இன்ஜின் எது, கப்பலின் இன்ஜின் எது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? வீட்டில், ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். வேரியேஷனுக்கு நடுவில் விளம்பரம் நுழைகிற ஆப்பிலோ, ஒவ்வொன்றுக்கும் இடையில் அரை வினாடி வெட்டுகிற ஆப்பிலோ கேட்காதீர்கள். அரூர் வித்வானுக்குச் சொன்னேனே, அந்தப் பிடித்த ஸ்வரம், அது அங்கேதான் செத்துப்போகும். ஷஃபிள் போட்டுக் கேட்பவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

காலையில் நிம்ராட் போட்டால் என் மாமியார் "யார் வீட்டுல எழவு?" என்கிறார். என்ன பதில் சொல்ல?
— இல்லத்தரசி, காவேரிப்பட்டணம்

மாமியார் சொல்வதில் நியாயம் இருக்கிறதம்மா. லண்டனில் ஆண்டுதோறும் நவம்பரில் போரில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தும் நிகழ்ச்சியில் அதைத்தான் வாசிக்கிறார்கள். எழுதியபோது யேகர் உயிரோடுதான் இருந்தார் என்று சொல்லிப் பாருங்கள். எடுபடாவிட்டால் காலையில் பத்தாவதைப் போடுங்கள், டோரபெல்லா. திக்கிப் பேசும் ஒரு இளம்பெண்ணைப் பாசத்தோடு சீண்டுகிற இசை, புல்லாங்குழலும் மற்றக் குழல்களும் சிறகடிக்கும். அதற்கு மாமியார் ஒன்றும் சொல்ல மாட்டார்.

எனிக்மா என்றால் புதிர் என்கிறார்கள். விடை என்ன?
— வாசகர், பென்னாகரம்

எழுதியவர் சொல்லாமலே 1934-இல் போய்ச் சேர்ந்துவிட்டார். மொத்தத்துக்கும் ஊடாகவும் மேலாகவும் இன்னொரு பெரிய மெட்டு 'போகிறது', ஆனால் அது வாசிக்கப்படுவதில்லை என்று மட்டும் சொல்லிவைத்தார். நூறு வருஷத்துக்கு மேலாக ஆளாளுக்கு ஒரு விடை சொல்கிறார்கள். நான் தேடுவதை நிறுத்திப் பல வருஷமாகிறது, தேடிக்கொண்டே கேட்டால் நாய் விழுவதைக் கவனிக்க முடியவில்லை.

இதைப் பழகிவிட்டேன், அடுத்து என்ன?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கிருஷ்ணகிரி

பேரப்பிள்ளைகள் இருந்தால் பெஞ்சமின் பிரிட்டன் 1945-இல் எழுதிய 'இளையோருக்கான ஆர்க்கெஸ்ட்ரா வழிகாட்டி'. பர்சல் என்கிற பழைய மேதையின் ஒரு மெட்டை ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு வேரியேஷனாகக் கொடுத்திருப்பார், எது ஓபோ எது பசூன் என்கிற சந்தேகம் அன்றோடு தீர்ந்துவிடும். தனியாக உட்கார்ந்து கேட்பதற்கு பிராம்ஸ் 1873-இல் எழுதிய ஹைடன் வேரியேஷன்ஸ். மெட்டே ஹைடனுடையது இல்லை என்று இப்போது சொல்கிறார்கள், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாலு நாலாக எண்ணிப் பழகிய கைக்கு அது அஞ்சு அஞ்சு பாராக வந்து தண்ணி காட்டும். முடிவில் அடிக்குரலில் அஞ்சு பார் அளவுள்ள ஒரே துண்டு திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டே இருக்க, மேலே எல்லாம் மாறிக்கொண்டே போகும், விரலை மடக்கி எண்ணுங்கள்.

கடைசியாக ரக்மனினவ் 1934-இல் பியானோவும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்த்து எழுதிய பாகனினி ராப்சோடி. இருபத்திநாலு வேரியேஷன். பதினெட்டாவது வந்ததும் எங்கேயோ கேட்ட சினிமாக் காதல் பாட்டு மாதிரி இருக்கும், மூல மெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். மூல மெட்டு மேலே போகிற இடத்தில் எல்லாம் கீழேயும், கீழே வருகிற இடத்தில் எல்லாம் மேலேயும் திருப்பிப் போட்டிருக்கிறார், அவ்வளவே. நான் சொன்னதற்காக நம்ப வேண்டாம், டீச்சர். மூல மெட்டை ஒரு தாளில் ஏற்ற இறக்கமாகக் கோடு போட்டுக்கொண்டு, பதினெட்டாவது வரும்போது தாளைத் தலைகீழாகப் பின்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சரியாக வந்ததா என்று எழுதுங்கள், அடுத்த இதழில் ஸ்பீக்கர் வயருக்குப் பக்கத்தில் போட்டுவிடலாம்.